முகாம் மூடும் நாளில் வாருங்கள்: வெள்ள நிவாரண அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

வெள்ள நிவாரணப் பணியில் இறங்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் தன்னார்வக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

மழை பிடிப்பதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளம் வந்த பிறகு நின்று படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. எழுத எனக்கும் நேரம் இருக்காது. மழைக்காலங்களில் நிவாரண முகாம்களில் உங்களோடு சேர்ந்து வேலை செய்கிறவள் என்ற உரிமையில் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். உங்கள் கையில் இருக்கும் பணத்திலும் ஆட்களிலும் பாதியை, முகாம்கள் மூடப்பட்டுக் குடும்பங்கள் வீடு திரும்பும் நாட்களுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே கரைத்துவிடாதீர்கள்.

முதல் வாரத்தில் நீங்கள் செய்வதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, வண்டி எதுவும் நுழைய முடியாத சென்னைத் தெருக்களில் இடுப்பளவுத் தண்ணீரில் சாப்பாட்டுப் பொட்டலங்களைத் தலையில் சுமந்து போனவர்களில் பெரும்பாலானோர் எந்த அமைப்பிலும் இல்லாத இளைஞர்கள். 2018 ஆகஸ்டில் கேரள மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு கடலே இல்லாத ஊர்களுக்குப் போய் ஆயிரக்கணக்கானவர்களைக் கரைசேர்த்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனபோது, உள்ளே சிக்கிய நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துக் கிராமத்து மக்கள்தான் முதலில் சமைத்துப் போட்டார்கள். யாரும் கேட்டு நடந்ததில்லை இவை. ஆபத்து என்றால் ஓடி வரும் மனம் நம் மக்களிடம் குறையவே இல்லை. அதனால்தான் அந்த முதல் வாரத்துக்கு ஆள் சேர்ப்பது பற்றி எனக்குக் கவலை இல்லை. அதற்கு அடுத்த வாரங்களைப் பற்றித்தான் கவலை.

முகாம் எப்படி மூடப்படுகிறது என்பதை உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். அதற்குள் நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். பெரும்பாலான முகாம்கள் பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும் சமுதாயக் கூடங்களிலும் நடக்கின்றன. பள்ளியைத் திறந்தாக வேண்டும். அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போய்க்கொண்டிருக்கிறது. மண்டபத்துக்குக் கல்யாணக்காரர்கள் முன்பணம் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் தெருவை விட்டு வடிந்ததும் ‘நிலைமை சீரடைந்தது’ என்று அறிவிப்பு வருகிறது. தெருவில் தண்ணீர் இல்லை என்பதற்கும் வீட்டுக்குள் குடியிருக்கலாம் என்பதற்கும் இடையே பல நாட்கள் கிடக்கின்றன. அந்த நாட்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு முகாமின் கடைசிக் காலைப் பொழுது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வகுப்பறைக் கரும்பலகையில் வெள்ளத்துக்கு முன் எழுதிய வகுத்தல் கணக்கு அழியாமல் இருந்தது. அதற்குக் கீழே ஒரு பெண் தன் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரே நிறத்தில் மூன்று போர்வைகள். ரொட்டிப் பாக்கெட்டுகள் ஒரு பை நிறைய. அவற்றில் சில ஏற்கெனவே பூசணம் பிடித்திருந்தன. மெழுகுவர்த்திக் கட்டு. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகள். யாருடைய அளவுக்கும் சேராத ஒரு சட்டை. எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு என்னிடம் கேட்டார்: “அடுப்பும் பானையும் சேற்றுக்குள் கிடக்கின்றன, அக்கா. நாளைக்குக் காலையில் பிள்ளைகளுக்கு நான் எதில் சமைப்பேன்?” முந்தின நாள் வரை அந்த வகுப்பறைக்கு வேன் மேல் வேன் வந்துகொண்டிருந்தது. அன்று ஒரு வேன்கூட இல்லை. ஒரு அடுப்பு, இரண்டு பாத்திரம், ஒரு வாளி, ஒரு மண்வெட்டி. அந்தக் குடும்பத்துக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். வந்து சேர்ந்த ரொட்டியின் மொத்த விலையில் இவற்றை வாங்கியிருக்கலாம்.

வீட்டில் அவர்களுக்காகக் காத்திருப்பதைச் சொல்கிறேன். தரை முழுக்கக் கணுக்கால் அளவு வண்டல். அது காய்ந்தால் சிமெண்ட் போல் இறுகிவிடும். ஈரமாக இருக்கும்போதே அள்ளியாக வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த மின்சாரப் பெட்டியும் பிளக்கும் நனைந்திருக்கும். மின்பணியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் சுவிட்சைத் தொட்டால் உயிர் போகும். கழிப்பறைத் தொட்டி நிரம்பி மேலே வந்திருக்கும். கிணற்றிலும் தரைமட்டத் தொட்டியிலும் சாக்கடை கலந்திருக்கும். இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகுதான் அந்தத் தண்ணீரை நம்ப முடியும். அலமாரிக்குப் பின்னால் பாம்பு இருக்கலாம். இவ்வளவையும் செய்ய வேண்டியவர்கள் பல நாட்கள் கூலிக்குப் போகாதவர்கள். வீட்டைக் கழுவினால் அன்றைய கூலி இல்லை. கூலிக்குப் போனால் வீடு சேறாகவே கிடக்கும்.

நோயும் அந்த நேரம் பார்த்துத்தான் வருகிறது. எலிக்காய்ச்சல் கிருமி உடம்பில் புகுந்து காய்ச்சலாக வெளிப்படப் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள் ஆகும். டெங்கு பரப்பும் கொசு, முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் எடுத்துக்கொள்கிறது. நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பாருங்கள். முகாமில் மருத்துவர் இருக்கும் நாட்களில் இந்த நோய்கள் வெளியே தெரிவதில்லை. முகாம் கலைந்து, மருத்துவக் குழுவின் மேசையை மடித்து எடுத்துப் போன பிறகுதான் காய்ச்சல் தொடங்குகிறது. 2018-இல் கேரளத்தில் அப்படித்தான் நடந்தது. ஆகஸ்ட் நடுவில் வெள்ளம். மாதக் கடைசியிலும் செப்டம்பரிலும் எலிக்காய்ச்சல் பரவல். சேற்றில் இறங்கியவர்களுக்கும் வீடு கழுவப் போன தன்னார்வலர்களுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையைத் தடுப்பாகக் கொடுக்க அந்த மாநில சுகாதாரத் துறை ஓட வேண்டியிருந்தது. உங்கள் மருத்துவ முகாமை முதல் வாரத்திலேயே நடத்திப் படம் எடுத்து முடித்துவிடாமல், மூன்றாவது வாரத்தில் தெருவுக்குள் ஒன்று நடத்துங்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் உள்ளவர்களை அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைக்க ஒரு வண்டி இருந்தால் போதும், உயிர் தப்பும்.

கேரளத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நமக்கு வழிகாட்டி. 10 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் முகாம்களில் இருந்த அந்த வெள்ளத்துக்குப் பிறகு, குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் கூட்டம் கூட்டமாக வீடுகளுக்குள் இறங்கிச் சேறு அள்ளினார்கள். தெரியாத வீடு, தெரியாத குடும்பம். ஒரு குடும்பம் தனியாகச் செய்தால் பல நாட்கள் பிடிக்கும் வேலை, பத்துப் பேர் கூடினால் ஒரு பகலில் முடிகிறது. தன்னார்வலர்கள் குவியும் அமைப்புகளே, ரொட்டி கட்டுவதற்கு ஐம்பது பேரை உட்கார வைக்கிறீர்கள். அதே ஐம்பது பேருக்கு ரப்பர் காலணியும் கையுறையும் வாங்கிக் கொடுத்துப் பத்து நாள் கழித்துத் தெருவுக்கு அனுப்புங்கள். முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளையும், கைக்குழந்தை உள்ள வீடுகளையும், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளையும் முதலில் கழுவிக் கொடுங்கள். நன்கொடையாளர்களுக்குக் காட்ட அழகான படம் கிடைக்காது. ஆனால் ஒரு குடும்பம் அன்றிரவு தன் தரையில் பாய் விரித்துப் படுக்கும்.

இனி, நிறுத்த வேண்டியவை பற்றி. பழைய துணியை மூட்டை கட்டி அனுப்புவதை நிறுத்துங்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: சாலையோரம் முழுக்கப் பழந்துணிக் குவியல்கள், மழையில் நனைந்து மட்கிக் கிடந்தன. கிழிந்த சேலையை வாங்க அந்த மக்களுக்கு மனம் வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. வீடு இழந்தவர்கள் தன்மானத்தையும் இழந்துவிடவில்லை. துணி கொடுப்பதென்றால் பிரித்து, துவைத்து, அளவு பார்த்து, யாருக்கு எது என்று கேட்டுக் கொடுக்க வேண்டும். கூஞ்ச் அமைப்பைத் தொடங்கிய அன்ஷு குப்தா பல ஆண்டுகளாக இதைத்தான் செய்து காட்டி வருகிறார். நகரங்களில் வேண்டாம் என்று ஒதுக்கும் பருத்தித் துணியைச் சுத்தம் செய்து மாதவிடாய் நாப்கினாக மாற்றுவது வரை அந்த அமைப்பு போயிருக்கிறது. அதற்கான ஆளும் இடமும் இல்லாதவர்கள் துணி சேகரிப்பதைத் தொடங்கவே வேண்டாம். முகாமில் வேலை செய்கிறவர்களுக்கு அது உதவியாக வருவதில்லை, குப்பையாக வருகிறது.

குழந்தைகளுக்கான பால் மாவும் அப்படித்தான். இதில் உயிரே போகும். நல்ல மனதோடு பெட்டி பெட்டியாக வாங்கி வருகிறீர்கள். புட்டியைக் கொதிக்க வைக்க அடுப்பு இல்லை, கலக்கச் சுத்தமான தண்ணீர் இல்லை. தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்மார்களும் இலவசமாகக் கிடைக்கிறதே என்று புட்டிக்கு மாறுகிறார்கள். சில நாட்களில் பால் சுரப்பு குறைந்துவிடுகிறது. டப்பா தீர்ந்ததும் குழந்தைக்கு எதுவும் இல்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 2006 நிலநடுக்கத்துக்குப் பிறகு செய்த ஆய்வில், நன்கொடைப் பால் மாவு பெற்ற கைக்குழந்தைகளிடையே வயிற்றுப்போக்கு, பெறாத குழந்தைகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. நம் நாட்டில் 1992-இல் இயற்றப்பட்ட சட்டமே தாய்ப்பால் மாற்றுப் பொருட்களையும் பால் புட்டிகளையும் அனாதை இல்லங்களுக்குத் தவிர வேறு யாருக்கும் நன்கொடையாக வழங்கக் கூடாது என்கிறது. பல அமைப்புகளுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது என்பது வருத்தமாக இருக்கிறது. தாய்க்கு மறைவான ஓர் இடமும், வயிறு நிறையச் சாப்பாடும், உட்கார்ந்து பேச ஒரு செவிலியரும் கொடுங்கள். உண்மையிலேயே பால் மாவு தேவைப்படும் குழந்தை இருந்தால் மருத்துவர் வழியாக ஏற்பாடு செய்யலாம்.

பொருளைவிடப் பணம் நல்லது என்றால் உங்களில் சிலருக்கு உடனே முகம் மாறுகிறது. “கையில் பணம் கொடுத்தால் வீணாக்கிவிடுவார்கள்” என்ற பேச்சை நிவாரணக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. சேற்றில் மூழ்கிய வீட்டை நடத்தும் பெண்ணுக்கு எது முதலில் வேண்டும் என்று நமக்கு எப்படித் தெரியும்? ஒரு வீட்டில் தையல் இயந்திரத்தைப் பழுதுபார்க்க வேண்டும், அடுத்த வீட்டில் வாடகை பாக்கி, அதற்கடுத்த வீட்டில் மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை. 2023-இல் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தது. 2018-இல் கேரள அரசு வெள்ளம் புகுந்த வீடுகளுக்கு 10,000 ரூபாய் கொடுத்தது. வங்கதேசத்தில் ஒரு படி மேலே போனார்கள். 2020 ஜூலையில் ஜமுனா ஆற்றில் வெள்ளம் வரும் என்று முன்னறிவிப்பு வந்ததும், வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே ஐ.நா. உணவுத் திட்டம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கைபேசி வழியாகப் பணம் அனுப்பியது. பணம் பெற்ற குடும்பங்களில் ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் கிடந்த நிலை குறைந்திருந்தது என்று பிறகு வந்த ஆய்வு கண்டது. வீணாக்கவில்லை, சாப்பிட்டார்கள்.

அரசின் தொகை யாருக்குப் போய்ச் சேராது என்பதைப் பாருங்கள். உங்கள் இடம் அங்கேதான் இருக்கிறது. குடும்ப அட்டை இல்லாதவர்கள். வேறு மாநிலத்திலிருந்து வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தொழிலாளர்கள். குடும்பத்தைப் பிரிந்து வாழும் திருநங்கைகள். வாடகைக்குக் குடியிருப்பவர்கள்: வீடு இடிந்தால் அதற்கான நிவாரணம் வீட்டுக்கு உரியவரின் பெயரில் வரும், உள்ளே இருந்த சாமான் அத்தனையும் போனது குடியிருந்தவருக்கு. அட்டை இல்லாதவர்களிடம் விண்ணப்பம் வாங்குவதாக அரசு அறிவித்தாலும், அந்தப் படிவத்தை நிரப்பி, சான்று இணைத்து, வரிசையில் நின்று கொடுக்க யாராவது துணைக்கு இருக்க வேண்டும். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, எழுதத் தெரிந்த இரண்டு பேர். இவ்வளவு எளிய உதவியைச் செய்கிற அமைப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஆவணங்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் போன கட்டிலை மறுபடி வாங்கலாம். பட்டா, பள்ளிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், சாதிச் சான்றிதழ் போனால் அந்தக் குடும்பம் ஒவ்வொரு அலுவலகப் படியிலும் மறுபடி தன்னை நிரூபிக்க வேண்டும். ஒரு வீட்டில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைத் துணி கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். மை கசிந்து, பெயர் இருந்த இடம் ஒரு நீலத் திட்டாகியிருந்தது. அந்தப் பெண் பிள்ளை அதன் கீழேயே நின்றுகொண்டு, காற்றில் விழுந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து, நிவாரணப் பையில் உறிஞ்சு தாளும் கனமான பிளாஸ்டிக் உறைகளும் வைக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். நனைந்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிய்க்கக் கூடாது. இடையிடையே உறிஞ்சு தாள் வைத்து, நேர் வெயில் படாத காற்றோட்டத்தில் தட்டையாக வைத்து உலர்த்த வேண்டும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் நடந்தது போல, தொலைந்த ஆவணங்களுக்குக் கட்டணமின்றி நகல் வழங்கும் சிறப்பு முகாம்களை அரசு நடத்துவதுண்டு. அந்த நாட்களில் உங்கள் தன்னார்வலர்கள் அங்கே இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதியவர், எந்த மேசைக்குப் போவதென்று தெரியாமல் மாலை வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போகக் கூடாது.

உங்கள் லாரி எங்கே நிற்கிறது என்பதையும் தயவுசெய்து கவனியுங்கள். பிரதான சாலையில் நிறுத்தி, ஓடி வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், பொருள் கிடைப்பது உடம்பில் தெம்பு உள்ளவர்களுக்கு. ஊருக்கு வெளியே, தாழ்வான இடத்தில், பெரும்பாலும் தண்ணீர் கடைசியாக வடியும் இடத்தில்தான் தலித் குடியிருப்பு இருக்கிறது. சுனாமியின்போது முகாம்களிலும் தண்ணீர்க் குழாயிலும்கூடத் தலித் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. வெள்ளம் சாதி பார்ப்பதில்லை என்று மேடையில் பேசுகிறோம். நிவாரணம் பார்க்கிறது. ஊர்ப் பெரியவர்கள் தரும் பட்டியலை மட்டும் நம்பாமல், கடைசித் தெரு வரை நீங்களே நடந்து போய் எழுதுங்கள். பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். கழிப்பறை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, இரவில் விளக்கு எரிகிறதா என்பதை ஆண்கள் சொல்ல மாட்டார்கள். நிவாரணப் பணிக்கான பன்னாட்டு ஸ்பியர் கையேடு, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை, தங்கும் இடத்தில் ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. நம் முகாம்கள் இதை எட்டுவதே அபூர்வம். வீடு திரும்பிய பின்பு அந்த அளவுகளைக் கேட்க நாதியே இல்லை.

படம் எடுப்பது பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பொட்டலத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்க்கச் சொல்லி ஒரு தாயை நிறுத்தி வைக்காதீர்கள். பெயரோ படமோ அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டாதீர்கள். 2015-இல் அதனால் எவ்வளவு மனக்கசப்பு வந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

தூய்மைப் பணியாளர்களை யாரும் நிவாரணம் பெறுவோர் பட்டியலில் சேர்ப்பதில்லை. 2015-இல் சென்னையின் குப்பையை அள்ள வெளி மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் பலர் கையுறைகூட இல்லாமல் மட்கிய பிணநாற்றத்தில் வேலை செய்தார்கள். தங்கள் வீடும் நனைந்த நிலையில் ஊரைக் கழுவுகிறவர்கள் அவர்கள். காலணி, கையுறை, சோப்பு, தடுப்பூசி, குளிக்க ஓர் இடம். இவற்றை அவர்களுக்கென்று முதலிலேயே வாங்கி வையுங்கள்.

வீடு திரும்பவே முடியாத குடும்பங்களும் இருக்கிறார்கள். 2015-க்குப் பிறகு அடையாற்றங்கரையில் குடிசையில் இருந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். பல மைல் தொலைவு. நகரத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெண்களுக்கு வேலை போனது. பஸ் கட்டணமே சம்பளத்தைத் தின்றது. படிப்பாண்டின் நடுவில் பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியிருந்தது. மாறாமல் படிப்பே நின்றுபோனவர்களும் உண்டு. கொண்டுபோய் வைத்த இடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டியது. மழைக்காலத்தில் அங்கும் தண்ணீர் நிற்கிறது. அவர்களை மாற்றியது அரசு. ஆனால் ஆற்றங்கரையில் சாப்பாடு கொடுத்த நம்மில் எத்தனை அமைப்புகள் அந்தக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து போய், பிள்ளை பள்ளியில் சேர்ந்ததா என்று கேட்டோம்? இடம்பெயர்ந்த குடும்பம் என்று நாம் எழுதுவது முகாமில் இருந்த நாட்களுக்கு மட்டும் உரிய பெயராக இருந்துவிடக் கூடாது. மாற்றுச் சான்றிதழ் வாங்கித் தருவது, ஒரு பருவத்துக்கான பஸ் கட்டணத்தை ஏற்பது, புதிய இடத்தில் வேலை தேடித் தருவது, இவையும் வெள்ள நிவாரணம்தான். கட்டாயமாக அகற்றப்படுவதை எதிர்த்து அவர்கள் பேசும்போது கூட நிற்பதும் நிவாரணம்தான் என்று நான் நம்புகிறேன். இதில் உங்களில் சிலர் என்னோடு உடன்பட மாட்டீர்கள்.

நீண்ட காலம் உடன் நிற்பது சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2022-இல் பாகிஸ்தானில் பருவமழை வெள்ளம் 3.3 கோடி மக்களைப் பாதித்தது. ஏறத்தாழ 80 லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். சிந்து மாகாணத்தில் பல இடங்களில் தண்ணீர் மாதக்கணக்கில் வடியவில்லை. அங்கே கட்டடக் கலைஞர் யாஸ்மீன் லாரி, மூங்கிலும் மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு குறைந்த செலவில் எழுப்பக்கூடிய வீடுகளைக் கட்டக் கிராமத்து மக்களுக்கே பயிற்சி கொடுத்தார். கற்றவர்கள் அடுத்த ஊருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவதைவிட, அங்கே இருப்பவர்கள் தாங்களே கட்டக் கற்றுக்கொள்வது நிலைக்கும் என்பது அவருடைய வழி. எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் முன்னெடுத்த வேலை இது.

பணம் பற்றிய உங்கள் சங்கடம் எனக்குப் புரியும். தொலைக்காட்சியில் தண்ணீர் தெரியும் வரைதான் நன்கொடை வரும். வந்த பணத்தை உடனே செலவழித்துக் கணக்குக் காட்டாவிட்டால் பதுக்குகிறார்கள் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் முதல் வாரத்திலேயே கஜானாவைக் காலி செய்கிறீர்கள். அதற்கு ஒரே வழி, பணம் கேட்கும்போதே சொல்லிவிடுவது: இதில் பாதி இன்றைய சாப்பாட்டுக்கு, பாதி அவர்கள் வீடு திரும்பும் நாட்களுக்கு. நன்கொடை கொடுப்பவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள். நேராகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். மூன்றாம் மாதம் ஒரு கணக்கு, ஆறாம் மாதம் ஒரு கணக்கு என்று பொதுவில் வெளியிடுங்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு இன்னொரு வேண்டுகோள். 2020-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடையை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தர வழியில்லை. ஆனால் உள்நாட்டில் திரட்டும் பணத்துக்கு அந்தத் தடை இல்லை. அதில் ஒரு பங்கை அந்தந்தப் பகுதியிலேயே இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும் சிறு அமைப்புகளுக்கும் கொடுங்கள். நீங்கள் கிளம்பிய பிறகும் அங்கே இருக்கப் போகிறவர்கள் அவர்கள். எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள், எந்தச் சந்தில் தண்ணீர் கடைசியாக வடியும் என்பதை அவர்களிடம் யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் உங்கள் திட்டக் கூட்டங்களை நடத்துவீர்கள். அங்கே, எத்தனை ஆயிரம் பொட்டலங்கள் என்று பேசுவதற்கு முன்பு, முகாம் மூடும் நாளில் உங்கள் சார்பில் அங்கே யார் இருப்பார் என்று முடிவு செய்யுங்கள். அந்த ஒருவரின் பெயரையும் கைபேசி எண்ணையும் கிராம நிர்வாக அலுவலரிடமும், முகாமாக மாறக்கூடிய பள்ளியின் தலைமையாசிரியரிடமும் இப்போதே கொடுத்து வையுங்கள். மண்வெட்டிகளையும் வாளிகளையும் அடுப்புகளையும் மழைக்கு முன்பே வாங்குங்கள். வெள்ளத்துக்குப் பின் அவற்றின் விலை ஏறிவிடும்.

அன்புடன்,
முகாம்களில் உங்களோடு வேலை செய்யும் ஒருத்தி